மூன்றாவது பத்தி

பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில், வாரத்தில் சில நாள், பிறர் எழுதிய புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன். இந்த இரண்டாவது வேலையைத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. சம்பளம் இருபதாம் தேதியோடு முடிந்துவிடும், மாதம் முடியாது. அதுதான் காரணம்.

ஓய்வு நேரத்தில் எப்படிச் சம்பாதிப்பது என்று யாராவது கேட்டால் பேச்சு உடனே இரண்டு கேள்விகளுக்குப் போய்விடுகிறது. என்ன வேலை? எவ்வளவு கிடைக்கும்? இரண்டும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் என் மேசை இழுப்பறையில் இருக்கும் நீள நோட்டு மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வைத்தது. இந்தக் கட்டுரை அந்த நோட்டைப் பற்றியது.

கணக்கு வேலையில் முப்பத்தி ரொக்க ஏடு என்று ஒன்று உண்டு. ரொக்கம், வங்கி, தள்ளுபடி மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி, அதாவது மேலிருந்து கீழே எழுதும் தனி வரிசை, இருக்கும். அந்தப் பழக்கத்தில் என் இரவு வேலைக்கும் மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டைத் தொடங்கினேன். முதல் பத்தியில் வந்த பணம். இரண்டாவதில் செலவான நேரம். மூன்றாவதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று தெரியாமல் ஒரு வருடம் காலியாக விட்டிருந்தேன்.

முதல் இரண்டு பத்திகளே போதுமான அளவுக்கு அதிர்ச்சி கொடுத்தன. என் முதல் புத்தகம் 160 பக்கம். மணிக்குப் பன்னிரண்டு பக்கம் பார்த்துவிடலாம், சுமார் 14 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து, அலுவலகத்தில் 14 மணி நேரத்துக்கு எனக்கு என்ன கிடைக்கிறதோ அதையே கூலியாகக் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். வேலை முடிந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால் 44 மணி நேரம்.

எங்கே போனது அவ்வளவு நேரமும்? படிக்க மட்டும் 21 மணி. கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது. அதை இப்போது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றியதும் கொம்பும் காலும் இடம் மாறி, பல சொற்கள் வாசிக்கவே முடியாமல் ஆகியிருந்தன. அதைச் சரி செய்ய 6 மணி. ஆசிரியரோடு போனில் பேசியது 5 மணி. நான் திருத்திக் கொடுத்த பிறகு அவர் இரண்டு அத்தியாயங்களைப் புதிதாக எழுதி அனுப்பினார். மறுபடி அதைப் பார்க்க 9 மணி. கடைசியாக, பணத்தைக் கேட்டுக் கேட்டு வாங்க 3 மணி. அலுவலகத்தில் என் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 100 என்று வைத்துக்கொண்டால், அந்தப் புத்தகத்தில் அது 32.

இந்தக் கணக்கைப் பகுதிநேரமாக ஏதாவது செய்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். டியூஷன் எடுப்பவர் பாடம் நடத்தும் ஒரு மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறார். போய் வருவதும் விடைத்தாள் திருத்துவதும் கணக்கில் வருவதில்லை. துணி தைப்பவர் மிஷினில் உட்காரும் நேரத்தை எண்ணுகிறார். அளவு எடுத்தது, நூல் தேடி அலைந்தது, 'கொஞ்சம் லூஸாக இருக்கிறது' என்று திரும்பி வந்த துணியைப் பிரித்துத் தைத்தது எல்லாம் விட்டுப்போகும். கைக்கு வந்த பணம் கண்ணுக்குத் தெரிகிறது. நேரம் அப்படித் தெரிவதில்லை, எழுதி வைத்தால்தான் தெரியும்.

32ஐக் கண்டு பயந்து வேலையை விட்டுவிடவில்லை. நேரம் எங்கே ஒழுகுகிறது என்பது இப்போது கண்ணெதிரே இருந்தது. அடுத்த புத்தகத்திலிருந்து நான்கு விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொண்டேன். முதலில் ஐந்து பக்கம் பார்த்துவிட்டுத்தான் கூலி சொல்வேன். ஒரு பக்கத்துக்கு மூன்று பிழை உள்ள எழுத்தும் முப்பது பிழை உள்ள எழுத்தும் ஒரே வேலை அல்ல. எழுத்துரு மாற்ற வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கூலி. எழுதி முடித்த பிறகே என்னிடம் தர வேண்டும், அதன் பிறகு சேர்ப்பவை புதுப் பக்கமாகவே எண்ணப்படும். பாதிப் பணம் முன்பணம்.

முன்பணம் கேட்க எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது. இரண்டு பேர் அதைக் கேட்டதுமே விலகிப் போனார்கள். அப்போது வருத்தப்பட்டேன். ஆனால் அதற்கு முன்பு முன்பணம் வாங்காமல் ஒரு பதிப்பாளருக்கு மூன்று புத்தகம் பார்த்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. நோட்டில் அந்த மூன்று வரிகளிலும் முதல் பத்தியில் சுழி இருக்கிறது. விலகிப் போன இருவரால் எனக்கு நஷ்டமே இல்லை என்று அந்தச் சுழிகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டாம் வருடம் சராசரி 70 வந்தது, மூன்றாம் வருடம் 110. அந்த ஏற்றத்தில் பாதி, ஏற்கெனவே வந்தவர்களே திரும்ப வந்ததால் கிடைத்தது. ஆள் தேடும் நேரம் மிச்சமானது.

சரி, எந்த வேலையை எடுப்பது? நான் பார்த்தவரை ஒரு நல்ல வழி உண்டு. உங்களிடம் மற்றவர்கள் ஏற்கெனவே இலவசமாகக் கேட்டு வரும் உதவி எது என்று யோசித்துப் பாருங்கள். அலுவலகத்தில் யார் கடிதம் எழுதினாலும் 'ஒரு தடவை பார்த்துக் கொடுங்களேன்' என்று என்னிடம்தான் வருவார்கள். எங்கே வல்லினம் மிகும், எங்கே மிகாது என்று கேட்பார்கள். இதற்குப் பணம் கிடைக்கும் என்று எனக்குப் பல வருடம் தோன்றவே இல்லை. ஒரு சக ஊழியர் தன் மாமாவின் தன்வரலாற்றைக் கொண்டுவந்து, 'இதைச் சும்மா செய்து தர வேண்டாம், என்ன ஆகும் என்று சொல்லுங்கள்' என்றார். அதுதான் அந்த 160 பக்கம். யாருக்கு என்ன தேவை என்று ஊகித்துப் புதிதாக ஒரு தொழிலைக் கற்பதைவிட, தேவை ஏற்கெனவே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தொடங்குவது எவ்வளவோ மேல்.

இணையத் தளங்கள் வழியாக வேலை பிடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிடிக்கலாம், ஆனால் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2010இல் தொடங்கிய ஃபைவர் தளம், வேலை செய்பவருக்கு வரும் தொகையில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஐந்து நாள் வேலை செய்தால் ஒரு நாள் உழைப்பு தளத்துக்கு. வாடிக்கையாளரைத் தேடித் தருகிறது, பணத்துக்குப் பொறுப்பேற்கிறது என்பதால் அது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் ஆள் கிடைக்காதவருக்கு அது உதவும். ஐந்து வருடம் கழித்தும் அதையே நம்பியிருப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

யூடியூப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஒருமுறை வீடியோ போட்டுவிட்டால் தூங்கும்போதும் பணம் வரும்' என்று சொல்லி இளைஞர்களை இழுக்கிறார்கள். 2018இல் கொண்டுவந்த விதிப்படி விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குட்டி வீடியோக்களுக்கு வேறு அளவுகோல் இருக்கிறது. 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்றால் 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். இதெல்லாம் வாசலுக்கு வந்து சேர்வதற்கு மட்டும். அதன் பிறகுதான் விளம்பரத்தில் 55 சதவீதப் பங்கு. வீடியோ எடுப்பதில் உண்மையான ஆசை இருந்தால் தாராளமாக இறங்குங்கள். அடுத்த மாத வாடகைக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

இப்போது மூன்றாவது பத்திக்கு வருகிறேன்.

வேலை தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு மாலை என் மகள் அறை வாசலில் நின்று, "அப்பா, இன்னிக்குப் பக்கம் இருக்கா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. எனக்குக் கேள்வி புரியவில்லை. என் மனைவி விளக்கினாள். "நீங்க ராத்திரி உட்கார்ந்தா 'அப்பாவுக்குப் பக்கம் இருக்கு, தொந்தரவு பண்ணாதே'ன்னு சொல்வேன்ல, அதைத்தான் கேக்கறா." எங்கள் வீட்டில் 'பக்கம்' என்ற சொல்லுக்கு 'அப்பா இல்லை' என்று பொருள் வந்துவிட்டிருந்தது.

அன்று இரவு நோட்டை எடுத்து மூன்றாவது பத்திக்குத் தலைப்பு எழுதினேன்: 'எங்கிருந்து எடுத்தது?' அதுவரை இருந்த வரிகளுக்கும் நினைவிலிருந்து நிரப்பினேன். சில வரிகளில் தூக்கம். சிலவற்றில் மகள். சிலவற்றில் ஞாயிறு. மிகச் சிலவற்றில்தான் 'சும்மா இருந்த நேரம்' என்று எழுத முடிந்தது. ஓய்வு நேர வேலை என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்தியைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டேன். எடுக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வேறு யாருக்கோ, வேறு எதற்கோ உரியதாக இருந்தது. எடுக்கக் கூடாது என்று இல்லை. வீட்டில் பணம் தேவைப்பட்டது, அதனால் எடுத்தேன். ஆனால் யாரிடமிருந்து எடுக்கிறேன் என்று தெரிந்து எடுப்பதற்கும் தெரியாமல் எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

தூக்கத்திலிருந்து எடுத்தது வேறு விதமாகவும் என்னைச் சுட்டது. ஒரு புத்தகம் அச்சாகி வந்தது. ஓர் அத்தியாயத் தலைப்பிலேயே எழுத்துப்பிழை. தலைப்பில்! ஆசிரியர் என்னைக் குறை சொல்லவில்லை, அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. நோட்டைப் பார்த்தேன், அந்தப் பக்கங்களை நள்ளிரவு தாண்டிப் பார்த்திருக்கிறேன். 1997இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது அது. காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் ஆகிவிடும். பதினொன்றுக்கு மேல் நான் பார்த்துக் கொடுத்த பக்கங்களுக்குக் கூலி வாங்கியதே நியாயம் இல்லை. அந்த ஆசிரியரின் அடுத்த புத்தகத்தைப் பணம் வாங்காமல் பார்த்துக் கொடுத்தேன். இப்போது பத்தரைக்குக் கணினியை மூடிவிடுகிறேன், பாதி வாக்கியத்தில் இருந்தாலும்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒருவர் உண்டு. ஆந்தனி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர். 1834இல் தபால் துறையில் எழுத்தராகச் சேர்ந்து 1867இல்தான் வேலையை விட்டார். 47 நாவல்கள் எழுதியவர், அவற்றில் பல அந்த வேலையில் இருந்தபோதே எழுதியவை. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரைமணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். ஒவ்வொரு நாளும் எழுதிய பக்கத்தை ஒரு நாட்குறிப்பில் குறித்து வைத்தார். அவர் இறந்த பிறகு 1883இல் வெளியான தன்வரலாற்றில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் கிடைத்த தொகையைப் பட்டியல் போட்டு, மொத்தம் 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று பைசா சுத்தமாகக் காட்டியிருக்கிறார். கலைஞன் இப்படிக் கணக்குப் பார்க்கலாமா என்று அதற்காக அவரைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தப் பட்டியல் மேல் மிகுந்த மரியாதை.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. தினமும் விடியுமுன் தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக வீட்டில் இருந்த வயதான குதிரைக்காரருக்கு அவர் வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறார். தன்னுடைய அந்த விடிகாலை நேரம் இன்னொருவரின் தூக்கத்திலிருந்தும் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு விலை கொடுத்தார், அந்த ஆளை மறக்கவும் இல்லை. அவரிடம் மூன்றாவது பத்தி இருந்தது என்றே நினைக்கிறேன்.

நானும் அதற்குப் பிறகு முதல் பத்தியில் வரும் பணத்தைப் பிரிக்கத் தொடங்கினேன். ஒரு பகுதி வரிக்கு. பகுதிநேர வருமானம் சிறியதாக இருந்தாலும் கணக்கில் காட்ட வேண்டியதுதான், வந்தவுடனே எடுத்து வைத்துவிட்டால் பிறகு திண்டாட வேண்டாம். ஒரு பகுதி கடனுக்கு. இன்னொரு பகுதி, என் மனைவி வீட்டில் கூடுதலாகச் சுமக்கும் வேலையைக் குறைக்க. நான் 'பக்கம்' பார்க்கும் நேரத்தில் பாத்திரமும் பாடமும் தானாக நடந்துவிடுவதில்லை, அவள் செய்கிறாள். அந்தப் பங்கு அவள் பெயரில் போகிறது, அதைப் பற்றி நான் கேள்வி கேட்பதில்லை.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, சலிப்பான விஷயம்தான், ஆனால் விட முடியாது. சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஸ்டீவ் வாஸ்னியாக் 1976இல் ஆப்பிளின் முதல் கணினியை உருவாக்கியபோது ஹியூலெட்-பேக்கார்டு என்ற நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தான் வடிவமைப்பது நிறுவனத்துக்கு உரியது என்று நினைத்து, முதலில் அவர்களிடமே அதைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் தன் வழியைப் பார்த்தார். நம் வேலை அவ்வளவு பெரியதாக இருக்காது. ஆனாலும் மேலதிகாரியிடம் நாமே சொல்லிவிடுவது, அவர் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நல்லது. நான் சொன்னேன். 'அலுவலக நேரத்தில் செய்யாதே, அலுவலகக் கணினியில் செய்யாதே' என்றார், அவ்வளவுதான். இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பாரம் அன்றே இறங்கியது.

ஆறு மாதத்துக்கு முன் என் சித்தப்பா மகன் போன் செய்தான். ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறான், புதிதாகக் கல்யாணம் ஆனவன். குரலில் உற்சாகம் தெரிந்தது. "அண்ணா, எனக்கு ஒரு பார்ட் டைம் கிடைச்சிருக்கு. மொபைல்ல வீடியோவுக்கு லைக் போட்டா போதும். நேத்து காசு வந்திருச்சு."

"இன்னும் கொஞ்சம் பணம் கட்டினா பெரிய வேலை தர்றோம்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

வழி எப்போதும் ஒன்றுதான். முதலில் ஒரு சிறு தொகையை நிஜமாகவே அனுப்புவார்கள். அந்தச் சிறு தொகைதான் தூண்டில் புழு. பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள், அங்கே எல்லோரும் தங்களுக்குப் பணம் வந்ததாகப் படம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு 'முன்பணம் கட்டும் டாஸ்க்'. திரையில் உங்கள் கணக்கில் தொகை ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் கேட்பார்கள். 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லிப் பணம் வாங்கினார். முதலில் வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அதே ஆண்டில் எல்லாம் சரிந்தது. முதலில் கொஞ்சம் கொடுத்து நம்ப வைப்பது அப்போதும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. ஆள் சேர்க்கும் திட்டங்களின் கணக்கு இன்னும் எளிது. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேரை என்று போனால், பதின்மூன்றாவது அடுக்கில் மட்டும் 1,306 கோடிப் பேர் வேண்டும். உலகத்து மக்கள் 800 கோடியைத் தொட்டதே 2022இல்தான்.

அவனிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, "வேலை குடுக்கறவன் நமக்குப் பணம் குடுக்கணும், நாம அவனுக்குக் குடுக்கக் கூடாது" என்றேன். அவன் இன்னும் கட்டியிருக்கவில்லை. பெரிய நிம்மதி. ஆனால் அப்படியே விட்டால் அடுத்த குறுஞ்செய்திக்கு விழுந்துவிடுவான், அவனுடைய தேவை அப்படியே இருக்கிறது. அதனால் கேட்டேன், "உன்கிட்ட யாராவது சும்மா செஞ்சு குடுன்னு கேக்கற வேலை ஏதாவது இருக்கா?" யோசித்துச் சொன்னான். தெரிந்த இரண்டு சிறு வியாபாரிகள் தங்கள் சரக்கு இருப்பைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லிப் பல நாளாகக் கேட்கிறார்களாம்.

இப்போது அதைத்தான் செய்கிறான். முன்பணம் வாங்கக் கூச்சப்பட்டான், வாங்கிவிட்டான். நோட்டும் போட்டிருக்கிறான். போன வாரம் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். தேதி, பணம், நேரம் எல்லாம் அழகான கையெழுத்தில். மூன்றாவது பத்தி மட்டும் காலி.

'இது எங்கே?' என்று கேட்டு அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'தூக்கத்திலேர்ந்துதான் அண்ணா. ரெண்டு மணி நேரம்தான். அவளுக்கு இன்னும் தெரியாது.'

உடனே அவனுக்கு போன் போட்டேன்.